தோற்றுப்போன ராஜ்யத்தில் ஒரு குமாஸ்தா

போன மே மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். சென்னையில் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. பகலெல்லாம் தூங்குவாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பாள். அதற்குள்ளிருந்து நாலைந்து குரல்கள் வரும். "நான் கதவை உடைக்கிறேன்." "நான் கிணத்துக்குள்ள இறங்கிப் பார்க்கிறேன்." "நீ செத்துட்ட, பேசாதே." முதல் நாள் என் வீட்டம்மா பதறி எழுந்து வந்து வாசல் கதவைப் பார்த்துவிட்டுப் போனாள். தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது.

மறுநாள் காலை விசாரித்தேன். அது ஒரு விளையாட்டாம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974ல் கொண்டுவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். பேச்சுத்தான் ஆட்டம். ஒருவர் கதை சொல்லி. அவர் ஓர் உலகத்தை விவரிப்பார், காடு, கோட்டை, பூதம் என்று. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் நுழைந்து தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை ஒரு பகடை முடிவு செய்யும். அந்தப் பகடைக்கு இருபது முகம். நம் தாயக்கட்டையும் தெருக்கூத்தும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கிற பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியங்காரன்தான் அந்தக் கதைசொல்லி.

(1974 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 14, பொங்கலன்றுதான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. நான் வேலையில் சேர்ந்து ஆறு மாதம். சேர்ந்தது திருச்சி மாவட்டம், ஆறு மாதத்தில் நாற்காலி நகராமலே மாவட்டம் மாறிவிட்டது.)

அடுத்த ஆட்டத்துக்குப் பேத்திதான் கதைசொல்லியாம். அதற்கு ஓர் உலகம் தயார் செய்ய வேண்டும். நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, எல்லாக் கதையிலயும் கடைசியில ஹீரோ ஜெயிச்சிடறான். என் உலகத்துல ஹீரோ எல்லாரும் தோத்துட்டாங்க. கெட்ட ராஜா ஜெயிச்சு நூறு வருஷம் ஆச்சு. அந்த ஊர் எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

இது அவளுடைய சொந்த யோசனை இல்லை என்றும் சொன்னாள். மிட்நைட் என்று 2003ல் அமெரிக்காவில் இப்படி ஓர் உலகத்தைப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்களாம். அதில் தீய தெய்வம் ஜெயித்து ஏறக்குறைய நூறு வருஷம். ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, எழுதப் படிக்கக்கூடக் கூடாது. இவள் தனக்கென்று வேறு செய்யப் பார்க்கிறாள். நோட்டில் இதுவரை எழுதியிருந்ததைக் காட்டினாள். கறுத்த வானம், எரிந்த மரங்கள், எலும்புக் குவியல், சூரியனே வருவதில்லை.

"இதெல்லாம் வேண்டாம் பாப்பா, வானம் நம்ம வானம் மாதிரியேதான் இருக்கும்" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் படித்த படிப்பு அப்படி. இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பிறந்தது புதுச்சேரி, படித்தது பிரெஞ்சில். தமிழைப் பாடமாக ஒழுங்காகப் படித்தது பதினாறு வயதுக்கு மேல்தான். சரித்திர வகுப்பில் எங்கள் மூதாதையர் கோல் இனத்தவர் என்று ஆரம்பிப்பார்கள். வெளுத்த தலைமுடியும் தொங்கு மீசையும் உள்ள படம் போட்டிருக்கும். முத்தியால்பேட்டைப் பிள்ளைகளும் அரியாங்குப்பத்துப் பிள்ளைகளுமாக நாற்பது கறுப்புத் தலைகள் அதை உரக்கப் படிப்போம். எங்களில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. பாடம் என்றால் பாடம்.

அந்தப் பாடத்தில் முதல் வீரன் வெர்சாந்ழெத்தோரிக்ஸ். ஜூலியஸ் சீசரை எதிர்த்து கோல் குலங்களையெல்லாம் ஒன்று சேர்த்தவன். கி.மு. 52ல் அலேசியா என்ற மலைக்கோட்டையில் வளைத்துப் பிடித்தார்கள். சரணடைந்தவனை ரோமுக்குக் கொண்டுபோய் ஆறு வருஷம் சிறையில் வைத்து, ஊர்வலம் விட்டு, கொன்றார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு தேசம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் வீரன் கதையே தோற்றவன் கதை. அடுத்து ரோலான், 778ல் மலைக்கணவாயில் மடிந்தவன். அடுத்து ழான் தார்க், 1431ல் ரூவான் நகரத்தில் எரிக்கப்பட்டவள். மாதா கோயிலுக்கு எதிரே அவளுக்குச் சிலை உண்டு, நாங்கள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். அப்புறம் எங்கள் ஊர்ச் சமாசாரம் வரும். துய்ப்ளே பெரிய கோட்டையெல்லாம் மனதில் கட்டினார். 1754ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், 1763ல் பாரிசில் கடன்காரராகச் செத்தார். லாலி 1761ல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் விட்டார், ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அவர் தலையை 1766ல் அவர் நாட்டுக்காரர்களே வெட்டினார்கள்.

அங்கே ஆஸ்டெரிக்ஸ் என்ற படக்கதை 1959ல் வர ஆரம்பித்தது. கோல் தேசம் முழுவதும் ரோமானியர் பிடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கிராமம் மட்டும் பணியவில்லை என்பது கதை. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அவர்களுக்கு அந்த ஒரு கிராமம் தேவைப்பட்டது.

1962 ஆகஸ்ட் 16ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் தெருவில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அந்தப் பாரத்தை அலமாரியில் வைத்தார், ஆறு மாதமும் அது அலமாரியிலேயே இருந்தது. கேட்டால் பார்க்கலாம் என்பார். வேண்டாம் என்று முடிவெடுத்தாரா, முடிவே எடுக்கவில்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் போனபின் அம்மாவோடு அம்மா பிறந்த மண்ணுக்கு, இந்தப் புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, என் பள்ளிக்கூடப் புத்தகத்தின் எதிரி முகாமுக்கே குடிவந்திருக்கிறேன் என்று. 1752ல் திருச்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த ஆங்கிலேயருக்கு அரிசியும் ஆடுமாடும் அனுப்பி உயிர் காத்தவர் தொண்டைமான். அந்த முற்றுகை தோற்றுத்தான் லா என்ற பிரெஞ்சுத் தளபதி ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். துய்ப்ளேயின் சரிவு அங்கே ஆரம்பம். எனக்குப் பதினாறு வயது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அது பிரெஞ்சு தாத்தா, நம்ம ஊர்ல சொல்லுங்க" என்றாள்.

நம் ஊர் என்றால் கட்டபொம்மன்தான். 1978 வாக்கில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். புதுக்கோட்டை என்றேன். "ஓ, காட்டிக்கொடுத்த ஊரா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி அப்பளத்தை நொறுக்கினார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இந்த ஜில்லாக்காரர்கள் வெளியூர் போனால் எப்போதாவது ஒரு தடவை இதைக் கேட்காமல் திரும்பியதில்லை. புதுச்சேரியில் ஒன்பது வயதில் சிவாஜி படம் பார்த்து அழுதவன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து தொண்டைமானுக்கு வக்காலத்து வந்தது. அவர் தன்னரசு இல்லை, ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டவர், கலெக்டர் லூஷிங்டன் தேடச்சொல்லி எழுதியிருந்தார், மறுத்திருந்தால் பாஞ்சாலங்குறிச்சிக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்ந்திருக்கும் என்று. இலைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கவர்மெண்டு உத்தியோகமா?" என்றார்.

நடந்தது இதுதான். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். கட்டபொம்மன் தப்பி வடக்கே வந்து புதுக்கோட்டை எல்லைக்குள் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் இருந்தபோது தொண்டைமானின் ஆட்கள் பிடித்து ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 கயத்தாறில் புளியமரத்தில் தூக்கு. தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியே வந்து, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பினார். மே மாதம் அதுவும் விழுந்தது. சிவகங்கைக்கு வந்து மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருதுபாண்டியர்களைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்குப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கு. 1802ல் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவன், மீசை முளைக்காத பையன். ஆக எல்லா ஹீரோவும் முடிந்தாயிற்று. பேத்தி கேட்ட உலகம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அதான் எனக்கு வேணும்" என்றாள். கெட்டிக்காரி. படம் கயத்தாறோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகான ஒன்றரை நூற்றாண்டைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

அதற்கப்புறம் காகிதம்தான். 1801 டிசம்பர் 1ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டான். பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் கூடாது. (பேத்தி துள்ளினாள். அவளுடைய மிட்நைட் புத்தகத்திலும் அதே சட்டம்.) பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்தப் பெயரையே ஜில்லாக் கணக்குகளிலிருந்து நீக்கச் சொன்னார்கள். உப்பு விதைத்து ஆமணக்கு நட்டார்கள் என்று ஜனங்கள் சொல்வார்கள், அது இருக்கட்டும். கணக்கிலிருந்து நீக்குவது என்றால் என்ன? ஒரு பதிவேட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து, அந்த வரி மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. கலெக்டர் கோடு போடமாட்டார். பானர்மன் கோடு போடமாட்டான். எவனோ ஒரு குமாஸ்தா போட்டிருப்பான். நம்ம ஆள். தமிழ் தெரிந்தவன். போட்டுவிட்டு மை காய ஊதியிருப்பான்.

தொண்டைமானுக்கு 1803ல் கீழாநிலைக் கோட்டையும் சுற்றுப்புறமும் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. அந்த யானையை அவர்கள் கடைசிவரை கேட்கவில்லை. இதைக் கேட்டுப் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள், யானை பாக்கியைத் தன் உலகத்தில் சேர்த்துக்கொண்டாள்.

ஜெயித்த பக்கம் நின்ற நம் ஊர் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 1878ல் திவான் வேலைக்கு வந்த சேஷையா சாஸ்திரி ஊரை ஒழுங்கு செய்தார், குளங்களைத் தூர்வாரினார். இன்றைக்கும் புதுக்கோட்டை ராஜவீதிகள் நூல் பிடித்த மாதிரி ஓடும். ராஜாவுக்குச் சொந்தக் காசு, அம்மன் காசு, நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்து அதைத்தான் ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். 1948 மார்ச் 3ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, பிறகு அந்த அரண்மனையிலேயே கலெக்டர் ஆபீஸ் வந்தது. எலும்புக் குவியல் எங்கேயும் கிடையாது. அதனால்தான் வானத்தைக் கறுப்பாக்காதே என்றேன். தோற்ற ராஜ்யத்தில் தெரு நேராக இருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், தபால் நேரத்துக்கு வரும். அங்கே வளர்கிற பிள்ளைக்குத் தோற்றது நாம்தான் என்பதே தெரியாது. வெளியூர்ப் பந்தியில் யாராவது சொன்னால்தான் தெரியும்.

"அப்ப ஹீரோவை எல்லாரும் மறந்துடுவாங்களா?"

அதுவும் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் திருமயம் போனேன். கோட்டையைக் கட்டியது 1687ல் ராமநாதபுரம் சேதுபதி. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஊமையன் கோட்டை என்பார்கள். ஊமைத்துரை அங்கே ஒளிந்திருந்தார் என்று கதை. அண்ணனைப் பிடித்துக் கொடுத்த ராஜ்யத்தின் கோட்டைக்குத் தம்பியின் பெயர்! ராஜா வைத்த பெயர் இல்லை, சர்க்கார் வைத்த பெயர் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் வாய்வழியாக இருநூறு வருஷம் ஓடி வந்திருக்கிறது. பேத்தி படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டாள். வெயில் தாங்காமல் நான் நிழலுக்கு ஒதுங்கிவிட்டேன். முழங்கால் மேலே ஏற விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குச் சொன்னேன். நம் பக்கத்தில் எல்லைச்சாமிகளைப் பார், பாதிப்பேர் தோற்றவர்கள். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறினவன். ஜெயித்த ராஜாவுக்கு யாரும் கிடா வெட்டுவதில்லை. இங்கே பொற்பனைக்கோட்டையில்கூட, மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்தவனுக்கு நட்ட பழைய கல், தமிழி எழுத்தோடு கிடைத்திருக்கிறது. "அப்ப என் உலகத்துல கோயில் எல்லாம் தோத்தவங்களுக்குத்தான்" என்றாள். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "தாத்தா, நீங்க அந்த உலகத்துல இருந்தா யாரா இருப்பீங்க? வீரனா, மந்திரவாதியா, திருடனா?" விளையாட வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டுமாம்.

யோசிக்கவே இல்லை. "குமாஸ்தா" என்றேன்.

"அப்படி ஒரு வேஷம் இல்லையே."

"அந்த ஊர்ல அவன்தான் நிறைய இருப்பான்" என்றேன். பிறகு, இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். அறுபது, எழுபது தாண்டிய நண்பர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள், உங்களில் பலர் என்னைப் போலவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். இந்த மாவட்டத்தில் ஓர் அலுவலகம், எது என்பது வேண்டாம். சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதிய மனுக்கள் என் சீட்டில் வந்தன. ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் பினாங்கில் இறங்கி, ஏதோ ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1943ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து பேசியதைக் கேட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்திருக்கிறார். பர்மா வரை போயிருக்கிறார். 1944ல் இம்பாலிலிருந்து பின்வாங்கியபோது மழையிலும் பட்டினியிலும் நடந்தவர்களில் ஒருவர். 1945ல் ரங்கூன் விழுந்தபோது பிடிபட்டு, முகாமில் அடைத்து, விசாரித்து, ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிடிபட்டவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கு வைத்தார்கள். இவரை எந்த நிறத்தில் போட்டார்கள் என்பது இவருக்கே தெரியாது. அந்தக் கணக்கை எழுதியவனும் ஒரு குமாஸ்தாதான்.

விதிப்படி சிறைவாசத்துக்கு ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லையென்றால் கூடச் சிறையிருந்தவரிடம் சான்று வேண்டும். அவரிடம் ரெண்டும் இல்லை. துண்டில் சுற்றி ஒரு பொட்டலம் வைத்திருந்தார். ரேஷன் கார்டு, தோட்டத்துச் சீட்டு ஒன்று, எழுத்து அழிந்தது. முதல் தடவை "ஐயா" என்று கூப்பிட்டார். குறைகளைக் குறித்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை வந்தபோது "தம்பி" என்றார்.

"தம்பி, கூட இருந்தவன் கையெழுத்துக் கேக்குறீங்க. என் கூட நடந்த எங்க ஊருப் பயலுக நாலு பேரு. நாலு பேரும் பாதையிலேயே கெடந்துட்டானுங்க. நான் யாருகிட்டப் போயி வாங்குவேன்?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "விதியில இருக்கிறதைத்தான் சொல்ல முடியும் பெரியவரே." குரலை உயர்த்தவில்லை. உட்காரச்சொல்லி, மோர் வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் மோரைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், போனார். அதற்கப்புறம் வரவில்லை.

கோப்பு ஆறு மாதம் என் மேஜையில் கிடந்தது. நிலுவைப் பட்டியல் கேட்டபோது முடிக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும், கோப்பை முடிக்கும்போது வகை போட வேண்டும். ஆர்.டிஸ். என்று போட்டால் நிரந்தரமாக ஆவண அறையில் இருக்கும். டி.டிஸ். என்றால் பத்து வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம், பிறகு அழித்துவிடலாம். மனுதாரர் ஆவணம் அளிக்கவில்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று குறிப்பு எழுதி, எல்.டிஸ். போட்டேன். யாரும் போடச்சொல்லவில்லை. டி.டிஸ். போட்டிருக்கலாம், கேட்பாரில்லை. பின்னாளில் விதி தளர்ந்தாலோ, கூட இருந்தவர் எவராவது எங்கிருந்தாவது வந்தாலோ, கோப்பாவது இருந்திருக்கும். அதில் அவர் கைப்பட, கோணல் எழுத்தில், நான்கு பக்கம் எழுதியிருந்தார். அந்த நாலு பேரின் பெயரும் அதில் இருந்தன. வேறெங்கும் அந்தப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் இப்போது ஞாபகம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஊர்க்காரர் ஒருவர் வேறு வேலையாக வந்தபோது விசாரித்தேன். இறந்துவிட்டார் என்றார். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாஞ்சாலங்குறிச்சி மேல் கோடு போட்டவனும் அன்றைக்கு ராத்திரி வீட்டில் அப்படித்தான் சாப்பிட்டிருப்பான்.

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை தாத்தா என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன், சொல்லவில்லை. நோட்டில் ஏதோ எழுதினாள். பாட்டி விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டாள், படுத்துவிட்டோம்.

சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் போனில் கூப்பிட்டாள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டார்களாம். என்னையும் சேர்த்திருக்கிறாளாம், குமாஸ்தா வேஷத்தில். லேப்டாப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனிலேயே வரலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நண்பர்கள் எல்லாரும் வணக்கம் தாத்தா என்றார்கள். மரியாதையான பிள்ளைகள்.

அவள் கதை சொல்லும் குரலில் ஆரம்பித்தாள். நேரான தெரு. நிறையத் தண்ணீருள்ள குளம். யானை பாக்கி வைத்திருக்கிற ஒரு ராஜா. பழைய அரண்மனையில் ஓர் ஆபீஸ், அங்கே சாயந்தரம் நாலரை மணி. ஒரு பெரியவர் துண்டில் சுற்றிய பொட்டலத்தோடு வருகிறார். அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. செத்துப்போன நாலு வீரர்களின் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

"குமாஸ்தா என்ன செய்யறார்?"

யாரும் பேசவில்லை. அடுக்களையில் குக்கர் விசில் கேட்டது. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது, இந்த வயதில் இது என்ன கூத்து என்றுகூட நினைத்தேன்.

"ஆர்.டிஸ். போடறார்" என்றேன்.

"மேலதிகாரி ஏன்னு கேட்டா?"

"கேட்டா பார்த்துக்கலாம்."

"அப்ப பகடை உருட்டணும் தாத்தா. பன்னிரண்டுக்கு மேல விழுந்தா அவர் கவனிக்க மாட்டார்."

என்னிடம் பகடை இல்லை, அவளே உருட்டினாள். அது தரையில் ஓடும் சத்தம் போனில் கேட்டது. ஆறு.

"மாட்டிக்கிட்டீங்க" என்றாள். பையன்கள் ஐயையோ என்றார்கள். மறுபடி ஒரு தடவை உருட்டலாமா என்று கேட்டேன். கிடையாது என்றாள். ஆனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். ஆவண அறையில், மேல் அடுக்கில் என்றேன். அதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு எனக்கு விசாரணை. அந்தப் பையன்களில் ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறானாம், அவனுக்கு அது நடுராத்திரி, அதனால் அரைமணி முன்னே பின்னே ஆகலாம் என்று சொல்லியிருக்கிறாள்.